இளைப்பாற ஒரு பயணத் திட்டம்



எங்கள் திருமணத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவுக்காகச் சென்ற அக்டோபரில் நீங்கள் ஓர் உறையில் இட்டுத் தந்த அன்பளிப்பை நாங்கள் இன்னும் செலவிடவில்லை என்பதை முதலாவது உங்களுக்கு அறிக்கையிடுகிறேன். "இருவரும் எங்கேயாவது போய் வாருங்கள்" என்று உறையின்மேல் உங்களில் ஒருவர் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த உறை மூன்று மாதங்களாக என் மேசை இழுப்பறையில், ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அடியில் கிடந்தது. ஆலயக் கூரையில் நீர் ஒழுகும் இடத்தைக் காணும்போதெல்லாம், அந்தப் பணத்தைக் கூரைக்கே கொடுத்துவிடலாமே என்று எண்ணினேன். ஒருநாள் என் துணைவியாரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். "உங்கள் விருப்பம்" என்றார். இந்த 25 ஆண்டுகளில் அந்தச் சொற்களை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று அப்போது நான் எண்ணிப்பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். காலை ஆராதனை முடிந்து குருமனைக்கு வந்தவர்களுக்கு உணவு பரிமாறிக்கொண்டிருந்தவர், சமையலறை வாசலில் மயங்கிச் சரிந்தார். பெரிய நோய் ஒன்றுமில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். உடம்பில் இரத்தம் குறைவு, தூக்கம் குறைவு, ஓய்வு அறவே இல்லை என்றார் மருத்துவர். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா காலையில் என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விடியற்காலையிலிருந்து நான் ஆலயத்தில் இருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அது அந்தக் கேள்விக்கு மறுமொழி அன்று. மார்த்தாளைக் குறித்து இதே ஆலயத்தில் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவள் பற்பல வேலைகளில் மனம் கலங்கியதைக் கண்டித்துப் பேசிவிட்டு நான் வீடு திரும்பிய நாட்களிலெல்லாம் சோறு சூடாகவே இருந்தது.

எங்கள் மூத்த மகன் பயணிகள் கப்பல் ஒன்றின் சமையற்கூடத்தில் பணியாற்றுகிறான். செய்தி கேட்டவுடன் அவன் தொலைபேசியில் அழைத்தான். கப்பல் அப்போது கரீபியக் கடலில், மார்ட்டினிக் தீவின் தலைநகரமாகிய ஃபோர்-தெ-பிரான்ஸ் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. "அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே வாருங்கள், மூன்று நாள் போதும்" என்று சொல்லி, அன்றிரவே ஒரு திட்டத்தையும் எழுதி அனுப்பிவிட்டான். முதல் நாள் கடற்கரையை ஒட்டிய சவான் பூங்கா, பாரிஸில் உருவாக்கப்பட்டுப் பின்னர் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஷெல்ஷேர் நூலகம், இரும்புச் சட்டங்களால் எழுப்பப்பட்ட பேராலயம். இரண்டாம் நாள் வடக்கே சேன்-பியேர் நகரம். 1902 மே 8 அன்று, நம் ஆண்டவர் பரமேறிய திருநாளன்று காலையில், எரிமலை வெடித்துச் சில நிமிடங்களில் ஏறத்தாழ 30,000 பேரை விழுங்கிய ஊர் அது. மூன்றாம் நாள் நகரத்துச் சந்தை. ஒவ்வொரு நாளுக்கும் நேராக, எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிட வேண்டும் என்றும் குறித்திருந்தான். உவர்மீனை மாவில் தோய்த்துப் பொரித்த அக்ரா, வாட்டிய மீன், பிறகு 'கொலம்போ'.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் எங்கள் வீட்டு உரையாடல் தடம் மாறியது. கொலம்போ என்பது அத்தீவின் பேர்பெற்ற உணவு. கொத்தமல்லி, சீரகம், கடுகு, மஞ்சள், மிளகு, வெந்தயம் ஆகியவற்றை அரைத்த பொடியில் கோழியையோ ஆட்டிறைச்சியையோ வேகவைத்துச் சோற்றோடு பரிமாறுவார்களாம். 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்தபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் கிடைக்கவில்லை. அதனால் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்றார்கள். முதல் கப்பல் 1853 மே மாதம் மார்ட்டினிக்கை அடைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் அந்தத் தீவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மொழி தேய்ந்துபோயிற்று, குழம்பு நிலைத்துவிட்டது. கொலம்போ என்ற பெயரே நம் குழம்பின் திரிபுதான் என்று பலர் கருதுகின்றனர்.

மகன் இதைச் சொன்னபோது அவன் தாயார் கேட்ட முதல் கேள்வி, "புளி ஊற்றுகிறார்களா?" என்பதே. தான் சாப்பிட்டதில் புளி தெரியவில்லை என்றான். "அப்படியானால் பாதியில் இறக்கிவிட்டார்கள்" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியபின், "குழம்பு அவ்வளவு தூரம் போயிருக்கிறது. நான் இன்னும் கங்கைகொண்டசோழபுரம் பார்க்கவில்லை" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, ஒரு செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். ஊழிய மாற்றங்களினால் ஆறு ஊர்களில் குடியிருந்துவிட்டோம். பெரம்பலூர், அரியலூர் பகுதிக்கு வந்தும் ஆண்டுகள் பல ஆகின்றன. ஜெயங்கொண்டம் என்று பலகை மாட்டிய பேருந்து நாள்தோறும் நம்மைக் கடந்து போகிறது. அதில் ஏறி ஒரு முழுநாளை தமக்கென்று செலவிட அவருக்கு வாய்க்கவில்லை. பாரிஸ் சென்று அங்கிருந்து மேலும் எட்டு மணி நேரத்துக்குமேல் பறந்தால்தான் மார்ட்டினிக். அந்தப் பணம் நம்மிடம் இல்லை. அவர் உடலுக்கும் அது ஆகாது. ஆகவே இரண்டு நாள், ஒரு பழைய தலைநகரம் என்று முடிவுசெய்தோம். "அதுவும் தலைநகரந்தான், அப்பா" என்று மகனும் ஒப்புக்கொண்டான்.

திட்டம் வகுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை இரவு, பிரசங்கக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில், ஏழு இடங்களை வரிசைப்படுத்தினேன். எனக்கு மிகுந்த திருப்தியாயிருந்தது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் முதலாவது. 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரத்தை 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது, அக்காலத்தில் இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது என்பர் புவியியலாளர். அடுத்தது வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகம். பின்பு ஏலாக்குறிச்சி, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டு அடைக்கல மாதா ஆலயம் எழுப்பிய இடம். இத்தாலியில் 1680-இல் பிறந்த அவர் 1732-இல் சதுரகராதி தொகுத்தார். சபைப் பிரிவு வேறாயினும், தமிழில் பிரசங்கிக்கும் எவரும் அவருக்குக் கடன்பட்டவரே. பிறகு 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம், ரஞ்சன்குடிக் கோட்டை, மருதையாற்றுப் பாலம், இறுதியாகக் கங்கைகொண்டசோழபுரம். கீழே செலவுக் கணக்கு: வாடகைக் கார், தங்குமிடம், நுழைவுச் சீட்டு. உணவு என்ற வரிக்கு எதிரே, 'கட்டுச்சோறு, வீட்டிலிருந்து' என்று எழுதியிருந்தேன். சிக்கனத்தை எண்ணித்தான் எழுதினேன்.

ஞாயிறு மாலை அதை அவரிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்து நிதானமாக வாசித்தார். மருதையாற்றுப் பாலத்தில் விரல் நின்றது. "இது எதற்கு?" என்றார். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் வெள்ளம் பாலத்தை அரித்ததால் தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்ததையும், 140-க்கும் மேற்பட்டோர் மாண்டதையும், ரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்ததையும் விளக்கினேன். பொறுப்பேற்றல் குறித்து ஒரு பிரசங்கத்துக்கு உதவும் என்றும் சொன்னேன்.

"இது நம் பயணமா, உங்கள் பிரசங்கக் குறிப்பா?" என்று கேட்டார். விரல் மேலும் இறங்கிக் கடைசி வரியில் நின்றது. சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "கட்டுச்சோறு என்றால் நான் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும்" என்றார்.

திருச்சபையாரே, இதை உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. அவருக்கு ஓய்வு தேவை என்பதற்காகவே திட்டமிட்ட பயணத்தில், அவர் மட்டும் மூன்று மணிக்கு எழும்படி எழுதிவைத்தவன் நான். அதுவும் மயங்கி விழுந்து ஒரு மாதம் ஆகுமுன்னே. கெட்ட எண்ணத்தோடு எழுதியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். எண்ணமே இல்லாமல் எழுதியிருந்தேன். எங்கள் மகன் தன் திட்டத்தில் தாயின் ஒவ்வொரு வேளை உணவையும் குறித்திருந்தான். சமையற்கூடத்தில் நிற்கிறவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

அன்றிரவு யோவான் எழுதிய சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்தேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவிடம் மூன்றுமுறை கேட்ட கேள்வியைக் குறித்தே எப்போதும் பேசியிருக்கிறேன். அதற்குமுன், இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்கள் கரையேறும்போது, அங்கே கரிநெருப்பு மூட்டப்பட்டு அதன்மேல் மீனும் பக்கத்தில் அப்பமும் ஆயத்தமாயிருந்தன. நெருப்பை மூட்டியவர் யார், மீனைத் திருப்பிப் போட்டவர் யார் என்று நான் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. கேள்வி கேட்பதற்குமுன் ஆண்டவர் அவர்களைச் சாப்பிட வைத்தார்.

மறுநாள் திட்டத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பென்சிலை எடுத்து நான்கு இடங்களை அடித்தார். பாலமும் கோட்டையும் அருங்காட்சியகமும் போயின. ஏலாக்குறிச்சியை அடித்தபோது எனக்கு மனம் வலித்தது உண்மை. "முனிவர் எங்கும் போய்விட மாட்டார், அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றார். சாத்தனூர் மரத்தை ஏனோ விட்டுவைத்தார். காரணம் கேட்டேன். "பிள்ளை கடலில் இருக்கிறான். நாமிருக்கும் இடமும் கடலாயிருந்ததென்றால் பார்க்க வேண்டாமா?" என்றார். கரைவெட்டியும் தப்பியது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே இறங்குகின்றன. அவை கிளம்பிவிடுமுன் போகவேண்டும் என்பது அவர் கருத்து.

அடித்த இடங்களுக்குப் பதிலாக அவர் எழுதியவை வருமாறு. முதல் நாள் மதியம், அரியலூரில் வாழையிலைச் சாப்பாடு. அதன்பின் ஜெயங்கொண்டத்தில் அறை எடுத்து மாலைவரை உறக்கம். 'உறக்கம்' என்ற சொல்லின்கீழ் இரண்டு கோடு. மறுநாள் விடிந்தவுடன், வெயில் ஏறுமுன், கங்கைகொண்டசோழபுரம். மதியம் அணைக்கரையில், கொள்ளிடத்து மீனைப் பொரித்துத் தரும் கடையொன்றில் சாப்பாடு. திரும்பும் வழியில் ஒரு கிலோ முந்திரி. அதுவும் வறுத்தது, வீட்டில் வறுக்க அல்ல.

கோயில் உள்ள இடத்துக்குப் போதகர் போகலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் மாவட்டத்தின் வரலாற்றைக் காணப் போகிறோம். கங்கைவரை படை நடத்திய இராஜேந்திர சோழன் அமைத்த அந்நகரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் பேரரசின் தலைநகராயிருந்தது. இன்று சுமார் 55 மீட்டர் உயரமுள்ள விமானமும், சோழகங்கம் என்று பேர்பெற்ற ஏரியும், மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்களுமே எஞ்சியுள்ளன. கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்தெடுத்துத்தான் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். அந்தக் கீழணை இருக்கும் ஊரே அணைக்கரை. ஆகவே காலையில் காண்பதன் மறுபாதியை, மதியம் மீன் சாப்பிடும் இடத்திலிருந்து காணலாம். இதை நான் சொன்னபோது அவர் மகிழ்ந்தார். ஆனாலும் அவர் அந்த ஊரைத் தேர்ந்தது மீனுக்காகத்தான்.

தபசுகாலம் தொடங்குவதற்குமுன், வருகிற வியாழன், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களும் குருமனை பூட்டியிருக்கும். அவசரத் தேவைக்கு உபதேசியாரை அழையுங்கள். வெள்ளி மாலை ஜெபக்கூட்டத்தை மூப்பர்கள் நடத்துவார்கள். கூரைக்கான காணிக்கையைத் தனியே எடுப்போம். செய்தி கசிந்து, இட்லி கட்டித் தருகிறோம் என்று இரண்டு சகோதரிகள் ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டார்கள். உங்கள் அன்புக்கு நன்றி, வேண்டாம். உங்கள் வீட்டிலும் யாரும் மூன்று மணிக்கு எழ வேண்டாம்.

நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவர் என்னிடம் ஒன்று கேட்டார். ஓட்டலில் இலைபோட்டுப் பரிமாறும்போது, ரசத்தை இரண்டாம் முறை கேட்டால் ஏதாவது நினைப்பார்களா என்று. நினைக்கமாட்டார்கள், ஊற்றுவார்கள் என்றேன். "அப்படியானால் நான் கேட்பேன்" என்றார்.