எரிந்த ஏடுகளும் எழுந்த கோபுரங்களும்

பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரில் மேற்படிப்புப் பயிலும் நாங்கள் இருவரும், அண்மையில் ஒரு வார இறுதியை ஜெர்மனியின் கொலோன் மாநகரில் கழித்துத் திரும்பினோம். சனிக்கிழமை காலையில் தோள்பையில் இரண்டு உடைகளை வைத்துக்கொண்டு அயல்நாட்டுக்குப் புறப்பட்டு, ஞாயிறு இரவே திரும்பிவிடுவது நம் ஊர்ப் பெற்றோருக்கு வியப்பாகத் தோன்றலாம். இங்கோ அது மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று வருவதைப் போன்றதே. ஆயினும் அச்சிறு பயணம் எங்கள் உள்ளத்தில் எழுப்பிய எண்ணங்கள் சிறியன அல்ல. அவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதற்கண், நாங்கள் புறப்பட்ட ஊரைப் பற்றிச் சில சொற்கள். லூவன் பல்கலைக்கழகம் 1425-ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அளித்த ஆணையால் தோன்றியது. இந்தியத் திருச்சபையின் குருக்கள் பலர் இங்கு இறையியல் பயின்றுள்ளனர். அந்நகரின் பெருமை அதன் நூலகம். அதன் துயரமும் அந்நூலகமே. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்டு 25-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் படையினர் அந்நூலகத்திற்குத் தீ வைத்தனர். கிடைத்தற்கரிய கையெழுத்துச் சுவடிகளும் பழம்பெரும் அச்சு நூல்களும் சாம்பலாயின. அந்நாட்களில் லூவன் நகர மக்கள் 248 பேர் உயிரிழந்தனர். போருக்குப் பின் அமெரிக்க மக்களின் நன்கொடையால் புதிய நூலகம் எழுந்து 1928-இல் திறக்கப்பட்டது. உதவிய பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்களை அதன் சுவர்க்கற்களில் இன்றும் காணலாம். ஆனால் பன்னிரண்டே ஆண்டுகளில், 1940 மே மாதத்தில், இரண்டாம் உலகப் போரின் தீ அதையும் விழுங்கியது. இம்முறை அழிந்தவை ஏறத்தாழ 9 லட்சம் நூல்கள். இன்று நாங்கள் அமர்ந்து படிப்பது, இருமுறை எரிந்து மீண்டும் எழுந்த அந்த நூலகத்தில்தான்.

லூவனிலிருந்து கொலோனுக்குச் செல்லும் இருப்புப்பாதை லீயேஜ், ஆஹன் நகரங்கள் வழியாகச் செல்கிறது. 1914-இல் ஜெர்மானியப் படை மேற்கு நோக்கி வந்த வழியும் ஏறத்தாழ இதுவே. அன்று பீரங்கிகள் உருண்ட பள்ளத்தாக்குகளில் இன்று பசுக்கள் மேய்கின்றன. எல்லை எங்கே முடிந்தது, அயல்நாடு எங்கே தொடங்கிற்று என்று நாங்கள் சாளரத்தின் வழியே தேடினோம். நிலையப் பலகைகளில் மொழி மாறியதைத் தவிர வேறு அடையாளம் தென்படவில்லை. லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் 1985-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1995-இல் நடைமுறைக்கு வந்தபோது, இந்நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை நீங்கியது. 2024 முதல் ஜெர்மானியக் காவலர் இவ்வெல்லையிலும் சிற்சில வேளைகளில் பயணிகளைச் சோதிப்பதுண்டு. ஆதலால் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருந்தோம். அன்று எவரும் கேட்கவில்லை.

கொலோன் நிலையத்தை விட்டு வெளியே வந்தவர் பேராலயத்தைத் தேட வேண்டுவதில்லை. தலையை உயர்த்தினால் போதும். 157 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரங்கள், ரைன் நதிக்கரையில் கரிய மலையெனக் கண்முன் நிற்கின்றன. 1248-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, இதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. பணி முற்றுப்பெற்றதோ 1880-இல். இடையில் பொருளின்றி வேலை நின்றுபோய், முடியாத தெற்குக் கோபுரத்தின் உச்சியில் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வீணே நின்றது. தலைமுறை தலைமுறையாக அந்நகர மக்கள் அதைப் பார்த்தே வாழ்ந்து, பார்த்தே மறைந்தனர். 632 ஆண்டுகள்! தொடங்கியவர்களில் எவரும் முடிவைக் காணவில்லை, எனினும் தொடங்கினர்.

உட்சென்றோம். முதன்மைப் பீடத்தின் பின்னே மூவரசர்களின் பொற்பேழை ஒளிவீசுகிறது. 1164-இல் மிலான் நகரிலிருந்து கொண்டுவரப்பெற்ற திருப்பண்டங்களை வைப்பதற்கென்றே இப்பேழை செய்யப்பட்டது. அவற்றை நாடி வந்த திருப்பயணிகளின் கூட்டமே இத்துணைப் பெரிய ஆலயத்திற்கும் காரணமாயிற்று. நம் ஊர்ச் சிற்றாலயங்களில் மூவிராசாக்கள் திருநாளன்று வைக்கோற் குடிலின் முன் நிறுத்தும் மண் சுரூபங்கள் எங்கள் நினைவில் வந்தன. தெற்குக் கோபுரத்தின் 533 படிகளை ஏறி முடித்தபோது மூச்சு வாங்கிற்று. ஆனால் ரைன் நதியின் பெருவளைவும் அதன் பாலங்களும் அக்களைப்பை மறக்கச் செய்தன.

மாலையில், எங்களோடு லூவனில் ஒரு பருவம் பயின்ற நண்பரின் இல்லம் சேர்ந்தோம். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பம் அது. நண்பர் கொலோனிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தடுமாறுவார். “வாங்கோ தம்பியவை, களைச்சுப் போனியள். முதல் தேத்தண்ணி குடியுங்கோ” என்று அவருடைய தாயார் வரவேற்றபோது, அயல்நாட்டில் இருக்கிறோம் என்ற எண்ணமே அகன்றது. இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் உண்டு முடித்தபின், எங்கள் படிப்பைப் பற்றி விசாரித்த தந்தையார், லூவன் நூலகத்தின் வரலாற்றைக் கேட்டதும் பேச்சற்றுப் போனார். பின்னர் எழுந்து சென்று, துணியில் சுற்றிய ஒரு நூலைக் கொண்டுவந்து எங்கள் கையில் தந்தார்.

பழுப்பேறிய தமிழ்ச் சிறுகதைத் தொகுதி. முதற்பக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முத்திரை. பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய தாளில், 1981 ஜூன் மாதத்தில் திருப்பித் தரவேண்டிய நாள்.

“நான் அப்ப பத்தொன்பது வயசுப் பெடியன். இதை வீட்டை கொண்டுவந்திருந்தனான். திருப்பிக் குடுக்கப் போறதுக்கிடையிலை நூலகம் இருக்கேல்லை” என்றார்.

1981 மே 31-ஆம் நாள் நள்ளிரவையொட்டி அந்நூலகம் எரிக்கப்பட்டதையும், 97 ஆயிரத்திற்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் அழிந்ததையும் நாம் அறிவோம். அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் உயிர் நீத்தார் என்று யாழ்ப்பாண மக்கள் இன்றும் சொல்வர். நூலகம் பின்னாளில் மீண்டும் எழுப்பப்பட்டது. எனில், இந்நூலை அங்கே சேர்ப்பிக்கலாமே என்று நாங்கள் தயக்கத்தோடு கேட்டோம்.

“இவவும் வருஷாவருஷம் அதைத்தான் சொல்லுறா” என்று மனைவியைக் காட்டினார். “ஆனா, இதைக் குடுத்தால் நடந்ததை எல்லாம் மறந்துபோனன் எண்டு ஆகிவிடுமோ எண்டு ஒரு பயம், தம்பி.” அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

மறுநாள் பேராலயத்தில் திருப்பலி கண்டோம். பின்னர், நகரம் பட்ட பாட்டைத் தந்தையாரே நடந்து காட்டினார். 1942 மே 30-ஆம் நாள் இரவு, ஆங்கிலேய விமானங்கள் ஏறத்தாழ ஆயிரம் ஒரே இரவில் கொலோன்மீது குண்டு பொழிந்தன. போர் முடிந்தபோது பழைய நகரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இடிபாடாகக் கிடந்தது. பேராலயத்தின்மீது 14 குண்டுகள் விழுந்தும் அது சாயவில்லை. வடக்குக் கோபுரத்தில் 1943-இல் ஏற்பட்ட பெரும் பிளவைச் செங்கற்களால் அவசரமாக அடைத்தனர். அதைக் கல்லால் மூடிச் சீர்செய்யும் வேலை 2005-இல்தான் முடிந்தது. லூவனை எரித்தவர்களின் நாடும் எரிந்தது. தீ வைத்தவரையும் தீ விடவில்லை என்று எண்ணி மகிழ்வதற்கு அங்கே எதுவுமில்லை. ஏனெனில் இரு பக்கங்களிலும் மாண்டவர்களுள் குழந்தைகளும் தாய்மார்களும் இருந்தனர்.

இறுதியாக, புனித கொலும்பா ஆலயம் இருந்த இடத்திற்கு அழைத்துச் சென்றார். குண்டுவீச்சில் ஆலயம் பெரும்பாலும் இடிந்துபோயிற்று. ஆனால் ஒரு தூணில் நின்ற பதினைந்தாம் நூற்றாண்டுத் தேவமாதா சுரூபம் இடிபாடுகளின் நடுவே எஞ்சியது. அதைச் சுற்றிக் கட்டடக் கலைஞர் கோட்ஃபிரீட் பேம் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 1950-இல் அது அருச்சிக்கப்பட்டது. ‘இடிபாடுகளின் அன்னை’ என்பதே அம்மாதாவின் பெயர். 2007-இல் திறக்கப்பட்ட மறைமாநில அருங்காட்சியகம் அச்சிற்றாலயத்தையும் பழைய ஆலயத்தின் சிதைந்த சுவர்களையும் அப்படியே தன்னுள் அணைத்து நிற்கிறது. இடிந்ததை அவர்கள் அப்புறப்படுத்தவில்லை. புதிய சுவரை அதன்மீதே எழுப்பியுள்ளனர்.

இருளில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. தந்தையாரும் ஒன்றை ஏற்றிவைத்தார். வெளியே வந்து நெடுநேரம் கழித்தே பேசினார்: “இவை மறக்கேல்லை பாருங்கோ. மறக்காமலே கட்டியிருக்கினம்.”

எவ்வாறு இயன்றது இது? கல்லும் சுண்ணமும் மட்டுமே காரணம் அல்ல. 1950 மே 9-ஆம் நாள் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். போருக்குக் கருவிகளாகிய நிலக்கரியையும் எஃகையும் பகைநாடுகள் பொதுவில் நிருவகிக்க வேண்டும் என்பது அது. முன்னர் இதே கொலோனின் நகரத்தலைவராயிருந்து நாஜிகளால் நீக்கப்பட்ட கான்ராட் அடினவர், அப்போது ஜெர்மனியின் தலைமை அமைச்சர், அவர் இசைந்தார். 1951-இல் பெல்ஜியம் உள்ளிட்ட ஆறு நாடுகள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே மேசையில் அமர்ந்து, செய்த பிழையைப் பிழையென்று ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் சமாதானம் வேரூன்றிற்று. இதை நாங்கள் சொன்னபோது தந்தையார் மெல்லச் சிரித்தார். “அந்த மேசை எங்கட ஊரிலை இன்னும் போடுபடேல்லை, தம்பி” என்றார். அதை மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

மாலையில் விடைபெறும் வேளை. தாயார் வழிப்பயணத்திற்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். தந்தையார் மீண்டும் அந்நூலை எடுத்து, இம்முறை மகனிடம் நீட்டினார். “முதல் நீ இதை வாசிச்சு முடி. ஒரு கதையும் விடக்கூடாது. பிறகு ரெண்டு பேருமாப் போய்க் குடுப்பம். ஏன் இவ்வளவு நாள் சுணங்கினது எண்டு அங்கை கேட்டால், நீயே சொல்லு.”

நண்பர் முதற்கதையின் தலைப்பில் விரலை வைத்தார். எழுத்தெழுத்தாய்க் கூட்டி, ஓரிடத்தில் நின்று, தாயாரின் முகத்தைப் பார்த்து, மீண்டும் படித்தார். ஒரு வரியை முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.