எருக்குவியலில் நின்ற தேவி

ஏதென்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் அக்ரோபோலிஸைப் பார்த்துவிட்டுத் தீவுகளுக்குக் கப்பல் ஏறிவிடுவார்கள். அரை நாள் மிச்சமிருந்தால், மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் எலெஃப்சினாவுக்குப் போய் வாருங்கள். அந்தக் காலத்தில் இதன் பெயர் எலூசிஸ். தானியத்துக்கும் விளைச்சலுக்கும் தெய்வமான டிமிட்டரின் ஊர்.

போகும் வழி அழகாக இருக்காது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, கப்பல் கட்டும் தளம், கடலில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய கப்பல்கள். செழிப்பின் தேவிக்கு வாய்த்த ஊரா இது!

மகள் பெர்சிபோனைப் பாதாள அரசன் ஹேடிஸ் தூக்கிச் சென்றபோது, தேடிக் களைத்த தாய் இங்கே ஒரு கிணற்றடியில் வந்து உட்கார்ந்தாளாம். அவள் கோபத்தில் பூமி விளையவில்லை. ஆண்டில் சில மாதம் மகள் தாயிடம் இருக்கலாம் என்று முடிவான பிறகுதான் பயிர் முளைத்தது. செல்வக் கடவுள் புளூட்டோஸ் டிமிட்டர் பெற்ற பிள்ளை. களஞ்சியம் நிறைந்தால் அதுதானே அன்றைக்குச் செல்வம்!

கிணற்றையும், ஆயிரக்கணக்கானோர் கூடிய மண்டபத்தின் படிகளையும் இன்றும் பார்க்கலாம். இரவில் அங்கே நடந்த சடங்கை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழிபாடு நின்றது. ரகசியமும் அதோடு போயிற்று.

அருங்காட்சியகத்தில், தலையில் பூசைப் பெட்டி சுமக்கும் பெண்ணின் சிலையைத் தவற விடாதீர்கள். இதன் ஜோடி, ஊர் மக்களின் எருக்குவியலில் கழுத்தளவு புதைந்து நின்றது. வயல் விளைவது அவளால்தான் என்று நம்பினார்கள். 1801இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர், துருக்கிய அதிகாரியிடம் அனுமதி வாங்கி அதைப் பெயர்த்தார். முந்தின நாள் ஒரு மாடு ஓடிவந்து சிலையை முட்டியதாம், ஊரே நடுங்கியது. ஏற்றிச் சென்ற கப்பல் உடையும் என்றார்கள். இங்கிலாந்துக் கரையருகே அது உடையவும் செய்தது! சிலை மட்டும் தப்பி, இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அது டிமிட்டரே அல்ல, பணிப்பெண் என்று பிறகு அறிஞர்கள் கண்டார்கள். விவசாயிக்கு அதனால் என்ன?

இடிபாடுகளுக்கு மேலே குன்றில் ஒரு சிறிய மாதா கோயில். 'விதைப்பின் நடுவே வரும் மாதா' என்று பெயர். நவம்பர் 21 அவள் திருநாள். முந்தின மாலை பெண்கள் பலவகைத் தானியங்களைச் சேர்த்து வேகவைத்து எடுத்து வருகிறார்கள். பாதிரியார் ஆசீர்வதித்ததும் எல்லோருக்கும் பங்கு உண்டு.