இடது பக்கம் திரும்பினால் ஜீரோ!

ஊட்டிக்குப் போக பர்ஸ் இடம் கொடுக்காதவர்கள், பக்கத்திலிருக்கும் மலைக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்று பட்டம் கட்டிவிடுவது நம் வழக்கம். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு வாய்த்தது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு. ஆர்ப்பாட்டம் கம்மி, காற்று ஜாஸ்தி.

சென்னையிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோட்டைப் பிடித்தால் தியாகதுருகம், அடுத்து கள்ளக்குறிச்சி. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். ஆபீஸ் சகாவும் நானும் ஒரு சனி, ஞாயிறைக் குறிவைத்துக் கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் பின்னால்.

தியாகதுருகம் தாண்டி ஒரு டீக்கடைக்காக வண்டியை இடது பக்கம் ஒடித்தேன் பாருங்கள்... ஸ்பீடாமீட்டர் முள் படக்கென்று ஜீரோவில் விழுந்தது! மறு விநாடி எழுந்து, கடைசி எண் வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. ஹாரனைத் தொட்டால் நாற்பதில் இருந்த முள் தொண்ணூறுக்குத் தாவியது. வண்டியில் சனி பகவான் ஏறிவிட்டார் என்று சகா தீர்ப்பே எழுதிவிட்டார்.

அந்தக் காலத்து ராஜ்தூத், யெஸ்டியில் இந்த வம்பில்லை. ஒரு கேபிள் சுழன்றபடி மேலே போகும். மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். முள் ஆடினால் கேபிளைக் கழற்றி கிரீஸ் வைப்பார்கள், கதை முடிந்தது. இப்போது கேபிள் போய் சென்சார் வந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற அது 'டிக், டிக்' என்று மின்துடிப்பு அனுப்பும். மீட்டருக்குள் இருக்கும் சின்ன மூளை அதை எண்ணி வேகம் சொல்லும். எண்ணிக்கை தப்பினால் வேகமும் தப்பு.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். சாவியைப் போட்டுப் பார்த்தவர், "மீட்டர் போர்டு அவுட்டு சார். செட்டோட மாத்தணும். ஆறாயிரம் ஆகும்" என்றார். மாசக் கடைசியில் ஆறாயிரம்! சகா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆறுதலுக்கா, தனக்கே பிடிமானத்துக்கா... தெரியவில்லை.

நாலு கடை தள்ளி ஒரு ஒயரிங் கடை. மூக்குக் கண்ணாடியோடு ஒரு பெரியவர். விஷயத்தைக் கேட்டவர் வண்டியைத் தொடக்கூட இல்லை.

"பிரேக் எல்லாம் ஒழுங்கா இருக்கா? ஏ.பி.எஸ். லைட்டு எரியலையே?"

"இல்லீங்கய்யா."

"மலைக்குத்தானே போறீங்க? போய்ட்டு வாங்க தம்பி. முள்ளு எப்பெப்ப பொய் சொல்லுதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சிக்கிட்டு வாங்க. வளைவு நிறைய இருக்கு. அதைவிடப் பெரிய டெஸ்ட் பெஞ்ச் எங்கிட்ட இல்ல."

ஆக, டூர் ஆராய்ச்சியாக மாறியது. சகாவின் ஒரு கையில் செல்போன், ஜி.பி.எஸ்.ஸில் வேகம் பார்க்க. இன்னொரு கையில் பேனா. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லாததால் குறிப்பெல்லாம் வண்டியை நிறுத்தித்தான்.

கச்சிராயபாளையம் வரை ஏறக்குறைய நேர் ரோடு. கரும்பு விளையும் பூமி, சர்க்கரை ஆலையும் அங்கேயே இருக்கிறது. முள் சமர்த்தாக ஐம்பது காட்டியது. போன் நாற்பத்தேழு என்றது. இது கோளாறு இல்லை. ஸ்பீடாமீட்டர்கள் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும்படித்தான் செய்யப்படுகின்றன. முதல் குறிப்பு: 'நேர் ரோட்டில் ஓ.கே.'

கோமுகி அணையில் கொஞ்சம் நின்றோம். 46 அடி உயர நீர்மட்டம், பின்னால் மலை. அதைத் தாண்டினால் ஏற்றம்... வந்தது முதல் கொண்டை ஊசி வளைவு. வலது பக்கம் முழுசாக ஒடித்தேன், முள் அசையவில்லை. அடுத்தது இடது. ஜீரோ! அதற்கடுத்த இடது, மறுபடி ஜீரோ! மலையேறி முடிப்பதற்குள் இடது வளைவு ஒன்றுகூட முள்ளைச் சும்மா விடவில்லை.

ரோட்டோரமே கொட்டுகிற பெரியார் அருவியில் இறங்கிக் காலை நனைத்தபோதுதான் சகா கேட்டார்: "மணி பதினொன்றரை. உன் வண்டி ஏன் 1.00-ன்னு காட்டுது?"

அடடே! முள் விழும்போதெல்லாம் கடிகாரமும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. சென்சார் கெட்டால் வேகம் மட்டும்தான் போகும். கடிகாரம் ஏன் போக வேண்டும்? அப்படியென்றால் மீட்டருக்கே கரண்ட் அறுந்து அறுந்து வருகிறது. சாவி போட்டதும் முள் ஒருமுறை கடைசி வரை போய் வணக்கம் போட்டுத் திரும்புமே, நடு ரோட்டில் அது ஆடியதும் அந்த வணக்கம்தான்!

வெள்ளிமலைதான் கல்வராயன்மலை தாலுகாவின் தலைமையிடம். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. இங்குள்ள பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளா என்று நினைத்துவிடாதீர்கள், பேச்சு தமிழ்தான். டீக்கடையில் சாமை, கடுக்காய், மரவள்ளி விலையெல்லாம் அடிபட்டது. நாங்கள் அதற்கு நடுவே வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை முறுக்கினோம். முள் அசையவில்லை. நிற்கிற வண்டியில் ஆக்ஸிலரேட்டருக்குத் தகுந்தபடி முள் எகிறினால் பிளக் பக்கமோ சார்ஜிங் பக்கமோ சந்தேகப்படலாம். இங்கே அது இல்லை.

அடுத்து ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசாக ஒடித்தேன். எதிரே நின்ற சகா, "ஹெட்லைட்டும் கண்ணடிக்குதுடா!" என்று கத்தினார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

கரியாலூர் படகுத்துறையைப் பார்த்துவிட்டு இறங்கினோம். வேகம் காட்டாத வண்டியில் இறக்கம் விளையாட்டு இல்லை. ஏறின கியரிலேயே, இரண்டாவதில் இறங்கினேன். இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் உருட்டினால் பிரேக் ஒன்றுதான் துணை. வளைவுக்கு வளைவு ஹாரன்... ஹாரனுக்கு ஒரு தொண்ணூறு! இண்டிகேட்டர் போட்டால் முள்ளும் கூடவே தாளம் போட்டது.

பேப்பரைப் படித்த பெரியவர் சிரித்தார். "எர்த்து தம்பி. எல்லா கரண்டும் வேலை முடிச்சி பாட்டரிக்குத் திரும்புற வழி. ஹாண்டில் திரும்பத் திரும்ப ஒயர் உள்ளுக்குள்ள ஒடிஞ்சிருக்கும். வெளித்தோல் நல்லாத்தான் தெரியும்."

டேங்குக்கு முன்னால் ஒயர் கட்டைப் பிரித்தார். மல்டிமீட்டரின் ஒரு முனை பாட்டரி மைனஸில், மறுமுனை மீட்டரின் எர்த் ஒயரில். ஹாரனை அமுக்கச் சொன்னார். 1.8 வோல்ட்! நல்ல எர்த்தில் 0.2-க்குள் இருக்க வேண்டுமாம். கணக்கு சுலபம்: ஹாரன் இரண்டு ஆம்பியர் இழுத்தால், ஒரு ஓம் தடை இருந்தாலே இரண்டு வோல்ட் எகிறும். ஹாரனுக்குள் தொடுமுனை நொடிக்குச் சில நூறு தடவை திறந்து மூடுகிறது. எர்த்தும் கூடவே குதிக்க, அந்தக் குதிப்பையெல்லாம் சக்கரத்தின் டிக் டிக் என்று மீட்டர் எண்ணிவிடுகிறது. ஒடிந்த இடம் இடது பக்கம் திரும்பும்போது முழுசாக விலகும். அப்போது மீட்டரே செத்துப் பிழைக்கும்.

கெட்ட துண்டை வெட்டிப் புது ஒயர் வைத்து ஈயம் பற்றவைத்தார். ஃபிரேமில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இறுக்கினார். துருப்பிடிக்காமல் மேலே வாசலின். ஹேண்டில் திரும்ப ஒயருக்குக் கொஞ்சம் தொய்வு. மறுபடி ஹாரன்... 0.05 வோல்ட். முள் அசையவில்லை. முந்நூறு ரூபாய்.

ஆறாயிரம் கொடுத்திருந்தாலும் வேலை ஆகியிருக்காது என்பதைக் கவனியுங்கள். புது மீட்டரும் அதே ஒடிந்த ஒயரில்தான் தொங்கியிருக்கும். உங்கள் வண்டி முள் ஆடினால் மூன்றே கேள்வி போதும். ஹேண்டில் திரும்பும்போது ஆடுகிறதா? ஹாரன், இண்டிகேட்டருக்கு ஆடுகிறதா? நிற்கும்போது ஆக்ஸிலரேட்டருக்கு ஆடுகிறதா? பதிலை எழுதிக்கொண்டு போய் ஒயரிங் கடையில் கொடுங்கள். ஏ.பி.எஸ். விளக்கும் அணையாமல் எரிந்தால் மட்டும் மலைப்பக்கம் போகாமல் நேரே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

காசு கொடுத்துக் கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "அது சரி, மலை எப்படி இருந்திச்சி?"

சகா பேப்பரைப் பார்த்துப் பதில் சொன்னார்: "இடது பக்கம் மட்டும்தான் பார்த்தோம் ஐயா!"