தேரோடும் வீதியில் ஒரு ரூட்டர்

ரூட்டர் என்றால் என்ன என்று நம் பாலிடெக்னிக்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசி படிந்து, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு கிடக்குமே, அதுதான். நெட் வராதபோது மட்டும் அதன் ஞாபகம் வரும். ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது.

ஆனால் அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான் நண்பர்களே! பிராசஸர் உண்டு, ராம் உண்டு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகக் கட்டைவிரல் நகத்தை விடச் சின்ன ஃபிளாஷ் சிப் உண்டு. அந்தச் சிப்பில் எழுதியிருக்கும் மென்பொருளைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். கம்பெனிக்காரன் எழுதியதை அழித்துவிட்டு, உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய ஃபர்ம்வேரை அதில் ஏற்றலாம் என்பது இரண்டாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம்!

கதை 2002-ம் ஆண்டின் கடைசியில் ஆரம்பிக்கிறது. லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரூட்டரை விற்பனைக்கு விட்டது. அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று 2003-ல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் ஜி.பி.எல். உரிமத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை வைத்துப் பொருள் செய்து விற்றால், கேட்கிறவர்களுக்கு மூல நிரலைக் கொடுத்தே தீர வேண்டும். நாலு பேர் குரல் கொடுக்க, அதே ஆண்டில் லிங்க்சிஸ் நிரலை வெளியிட்டது. அந்த விதையிலிருந்து 2004-ல் முளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. நடுவில் 2016-ல் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, லீட் என்று ஒரு கோஷ்டி பிரிந்துபோய், 2018 ஜனவரியில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். நம் ஊர்க் கபடிக் குழுக்கள் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

நான் முதலில் கைவைத்தது ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ரூட்டரில். 4 எம்.பி. ஃபிளாஷ், 32 எம்.பி. ராம். பழைய 19.07 பதிப்பு அதில் மூச்சுத் திணறி உட்கார்ந்தது. அடுத்த 21.02 பதிப்புக்கு 8 எம்.பி.யும் 64 எம்.பி.யும் குறைந்தபட்சம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 19.07-க்கும் 2022-ல் திருத்தங்கள் நின்றுபோயின. திருத்தம் வராத ரூட்டரை நெட்டில் விட்டு வைப்பது, கதவைச் சாத்தாமல் தூங்குவது மாதிரி. 2018 மே மாதம் வி.பி.என்.ஃபில்டர் என்ற வைரஸ் 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரூட்டர்களுக்குள் புகுந்துகொண்டதாகக் கணக்குச் சொன்னார்கள். அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? அந்த ரூட்டரைக் கழற்றி ஷெல்ஃபில் வைத்துவிட்டேன். ஆனால் கை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். ரத வீதிக்கு அடுத்த தெருவில் வீடு. அத்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்குக் கோடு போடுகிற வேலை, சாயங்காலம் ஆறரைக்கு ஷிப்ட். "பாப்பா போன்ல படம் பார்த்தா அத்தானுக்குப் பேச்சு அறுந்து அறுந்து போகுதுடா. ரெண்டு தடவை மெமோ வாங்கிட்டாரு. நீதான் ரூட்டரு ரூட்டருன்னு பேசுறியே, வந்து பாரேன்."

இதன் காரணம் எனக்குத் தெரியும். லைனில் வேகம் இல்லாமல் இல்லை. லைனைத் தாண்டிய தகவல்கள் ஒரு பெரிய வரிசையில் போய்த் தேங்குகின்றன. அந்த வரிசையின் வாலில் அத்தானின் குரல் நிற்கிறது. இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்.க்யூ.எம். என்று ஒரு வசதி உண்டு. 50 எம்.பி. லைன் என்றால் 45 என்று அதில் குறித்துவிட வேண்டும். அப்போது வரிசை வெளியே எங்கேயோ தேங்காமல் நம் ரூட்டருக்குள்ளேயே நிற்கும். ரேஷன் கடையில் மூட்டை தூக்க வந்தவனை ஓரம் கட்டி, ஒரு கிலோ சர்க்கரை வாங்க வந்த பாட்டியை முன்னே விடுகிற மாதிரி அது பிரித்துவிடும். இதற்காகவே ஆண்டுக்கணக்கில் உழைத்த டேவ் டாட் என்பவர் 2025 ஏப்ரலில் காலமானார். வீடியோ காலில் பேச்சு அறுபடாமல் கேட்கும்போதெல்லாம் அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அக்கா வீட்டு ரூட்டரில் 16 எம்.பி. ஃபிளாஷ், 128 எம்.பி. ராம். தாராளம்! கம்பெனி அதற்குத் திருத்தம் கொடுத்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அடியில் ஒட்டியிருந்த மாடலையும் வெர்ஷன் எண்ணையும் போட்டோ அனுப்பச் சொன்னேன். ஒரே மாடலில் வெர்ஷன் மாறினால் உள்ளே சிப்பே மாறியிருக்கும், ஆகவே இது முக்கியம். சரியான ஃபைலை இறக்கினேன். அது வழியில் பழுதாகவில்லை என்று ஹாஷ் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாம் பார்த்தேன், ஒன்றைத் தவிர.

போன நாள் ஆடிப் பூரம். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, கல்லூரி கிடையாது. ஆண்டாள் தேரையும் பார்த்த மாதிரி, அக்கா வேலையையும் முடித்த மாதிரி என்று கணக்குப் போட்டேன். காலையில் எல்லோரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். இதுதான் சமயம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். ஃபைலைக் கொடுத்தேன், கோடு ஓட ஆரம்பித்தது. வெளியே மேளச் சத்தமும் "கோவிந்தா" கோஷமும். கோடு பாதி தாண்டியிருக்கும், ஃபேன் நின்றது.

தேர் வரும்போது குறுக்கே உள்ள ஒயரை எடுக்க வேண்டும், அதற்காகக் கரண்டை நிறுத்துவார்கள். இது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் வளர்ந்த எனக்கு மட்டும் தோன்றவில்லை!

தேர் கடந்து கரண்ட் வந்தது. ரூட்டர் வரவில்லை. ஒரே ஒரு விளக்கு எரிந்தது, மற்றதெல்லாம் செத்துக் கிடந்தன. செங்கல் ஆகிவிட்டது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது. கையில் கனக்கிறது, வேறொன்றும் செய்யவில்லை.

அத்தான் வந்து பார்த்தார். "ஆறரைக்குள்ள ஆயிருமாப்பா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் மூன்றாவது மெமோவைப் பற்றி யோசிக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. போனிலிருந்து நெட் எடுக்கலாம் என்றால் தேருக்கு வந்த கூட்டத்தில் டவரே திணறிக் கிடந்தது, ஒரு மெசேஜ் போக ஐந்து நிமிஷம்.

ஒரு விஷயம்தான் தைரியம் கொடுத்தது. ஃபிளாஷ் சிப்பின் தொடக்கத்தில் பூட்லோடர் என்ற சின்னப் பகுதி உண்டு. ஃபர்ம்வேர் மாற்றும்போது அதைத் தொடுவதில்லை. மற்றது எல்லாம் அழிந்தாலும் அது உயிரோடு இருந்தால், ரீசெட் பட்டனை அமுக்கிக்கொண்டே கரண்ட் கொடுத்தால் போதும், குறிப்பிட்ட முகவரியில் உள்ள கம்ப்யூட்டரிடம் குறிப்பிட்ட பெயரில் ஒரு ஃபைலைக் கேட்கும். டி.எஃப்.டி.பி. என்ற பழைய முறை. அதற்கு லேன் கேபிள் வேண்டும், நான் எடுத்து வரவில்லை. ஏற்கெனவே இருந்த கட்டைக் கேபிள் ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே ஒரு முழம் நீளத்தில் இருந்தது. அதையே கழற்றி, லேப்டாப்பை ரூட்டர் பக்கத்தில் தரையில் வைத்து உட்கார்ந்தேன்.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவையும் அப்படியே. அக்கா ஒரு தட்டில் பால்கோவா வைத்துவிட்டுப் போனாள், தொடவில்லை. நாலு மணிக்குத்தான் உறைத்தது, லேப்டாப்பின் ஃபயர்வாலே அந்தக் கேள்வியைத் தடுக்கிறது என்று. அதை அணைத்தேன். பிறகும் வரவில்லை. ரூட்டர் கேட்பது ஒரு பெயர், நான் வைத்திருந்தது வேறு பெயர்! சரியான பெயரைத் தேட டவர் கருணை காட்ட வேண்டியிருந்தது. ஆறே முக்காலுக்கு ஃபைல் போனது. விளக்குகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அத்தான் ஏழு பத்துக்கு லாகின் செய்தார். நாற்பது நிமிஷம் லேட். மெமோ வரவில்லை, அரை நாள் சம்பளம் பிடித்தார்கள். நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "முதல்ல நீ அரியர் இல்லாம வா" என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் படித்தேன். மலைக்கு அந்தப் பக்கம், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள கிராமக் கண் மையங்களோடு வைஃபை மூலம் இணைக்க, பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 2005 வாக்கில் இறங்கியிருக்கிறார்கள். சாதாரண வைஃபை நெறிமுறை பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஒத்துவராது, அதைத் திருத்தி எழுதி லினக்ஸ் போர்டுகளில் ஓட்டினார்கள். கிராமத்து நோயாளியைத் தேனி டாக்டர் வீடியோவில் பார்த்தார். அவர்களைப் பெரிதும் வாட்டியது நெறிமுறை அல்ல, கரண்ட்! மின்னழுத்தம் எகிறிக் கருவிகள் போயின, ஃபிளாஷ் கார்டில் இருந்தது கெட்டுப்போனது. இதையெல்லாம் 2008-ல் ஒரு கட்டுரையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெர்க்லிக்காரர்களுக்கே அந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம் என்று கொஞ்சம் ஆறுதல்.

எஸ்.க்யூ.எம். போட்ட பிறகு பாப்பா படம் பார்க்கிறாள், அத்தான் பேசுகிறார். ஆனால் ஏற்றியதோடு வேலை முடிவதில்லை, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மாற்ற வேண்டும். மாற்றினால் நம் செட்டிங்ஸ் தங்கும், ஆனால் தனியாகச் சேர்த்த எஸ்.க்யூ.எம். போன்றவை போய்விடும், மறுபடி போட வேண்டும். அவற்றையும் சேர்த்தே கட்டிக் கொடுக்கிற ஒரு சர்வர் உண்டு. அதிலும் 2024 டிசம்பரில் ஓட்டை கண்டார்கள். 64 எழுத்து ஹாஷில் முதல் 12-ஐ மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது! சொன்ன மூன்று மணி நேரத்தில் சரிசெய்து, நடந்ததை அவர்களே வெளியே சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது அக்கா வீட்டில் அப்டேட்டை நான் செய்வதில்லை, அக்காவே செய்கிறாள். படி படியாக நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள். பழைய பேட்டரியோடு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வைத்திருக்கிறாள். புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று நான் போன் பண்ணினால், "இரு" என்பாள். தினசரி காலண்டர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்கும்.

"புதன்கிழமை மாதாந்திரப் பவர் கட். வெள்ளிக்கிழமை கோயில்ல புறப்பாடு. சனிக்கிழமை மத்தியானம் போடுறேன். நீ வர வேண்டாம்."