ஆங்கில வினையும் தமிழறிவும்

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அவ்வூர் மாலுமிகள் அத்திலாந்திக் கடல் கடந்து ஓட்டிச்சென்று, 1938ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். வல்வையின் கடலோடி மரபுக்குச் சான்றாக இந்நிகழ்ச்சி இன்றும் போற்றப்படுகிறது. இதனை ஆங்கிலத்தில் எழுதப் புகும் தமிழ் மாணவன் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு சிந்தனைக்குரியது.

"கப்பல் ஓடியது" என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. "மாலுமிகள் கப்பலை ஓட்டினர்" என்பது செயப்படுபொருள் குன்றா வினை. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தமிழில் வினையின் வடிவமே இவ்வேறுபாட்டைப் புலப்படுத்துகிறது. ஆங்கிலமோ இரண்டுக்கும் 'செயில்' என்னும் ஒரே சொல்லைக் கையாள்கிறது. பாய்மரம் முறிந்தாலும் அதனை ஒருவன் முறித்தாலும் 'பிறேக்' என்பதே சொல். எழுதலுக்கு 'றைஸ்', எழுப்புதலுக்கு 'றெய்ஸ்' என வடிவால் வேறுபடும் இணைகள் அங்குச் சிலவே. ஆகவே ஆங்கிலத்தில் வினையின் வகையைச் சொல்லைக்கொண்டு மட்டும் துணிதல் இயலாது. வாக்கியத்தில் அதன்பின் செயப்படுபொருள் நிற்கின்றதா என நோக்கியே அறிதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. 'எதனை?', 'யாரை?' என்னும் வினாக்களை எழுப்பிச் செயப்படுபொருள் காண அவன் இளவகுப்பிலேயே பயின்றவன். கப்பல் "துறையை அடைந்தது" என்னுமிடத்து ஐயுருபு வருகிறது. "துறைக்கு வந்துசேர்ந்தது" என்னுமிடத்துக் குவ்வுருபு வருகிறது. ஆங்கிலத்தில் முன்னதற்கு நேரான 'றீச்' இடைச்சொல்லின்றி நேரே பெயரைத் தழுவும். பின்னதற்கு நேரான 'அறைவ்' இடைச்சொல் ஒன்றை வேண்டிநிற்கும். தன் மொழியின் வேற்றுமையை உணர்ந்தவன் இதனை எளிதில் உணர்வான்.

எனினும் தமிழறிவு யாண்டும் துணைசெய்யாது. "அவர் மாலுமி" என்று கூறத் தமிழுக்கு வினைச்சொல் வேண்டுவதில்லை. ஆங்கிலத்துக்கு 'இஸ்' இன்றியமையாதது. இதனை விட்டெழுதித் திருத்தப்பெற்ற மாணவன், பின்னர் அச்சத்தால் அதன் இறந்தகால வடிவமான 'வாஸ்' என்பதை 'அறைவ்' போன்ற குன்றிய வினைகளோடும் சேர்த்துப் புதியதொரு பிழை செய்கிறான். அச்சொல் எழுவாயைப் பெயர்ப்பயனிலையோடு இணைக்கும். துணைவினையாய் நின்று செயப்பாட்டுவினையையும் ஆக்கும். அறைவ் என்பது செயப்படுபொருள் கொள்ளாமையின், அதற்குச் செயப்பாட்டுவினை இல்லை. காரணம் விளங்கினால் அச்சம் நீங்கும்.

நம் பல்கலைக்கழகங்களிற் பல துறைகள் ஆங்கிலத்திலேயே பயிற்றப்படுகின்றன. அங்கு வரும் மாணவர் பலர், ஆங்கில வினைவகைகளைப் பொருளறியாது மனனஞ் செய்து, தமக்கு இலக்கணம் வாராது எனத் தாழ்வுற்று ஒதுங்குகின்றனர். நன்னூலும் நாவலரின் இலக்கணச் சுருக்கமும் தந்த அறிவு தம்மிடம் உள்ளதென அவர்க்கு எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. ஆங்கில ஆசிரியர் தமிழிலக்கணத்தையும், தமிழாசிரியர் ஆங்கில அமைப்பையும் ஓரளவேனும் கற்று, இரு மொழிகளும் ஒத்துச்செல்லும் இடத்தையும் பிரியும் இடத்தையும் மாணவர்க்குக் காட்டுதல் கடனாகும்.