பழைய போல்ட்டும் என் சிக்கனமும்

சென்ற மாதம் எங்கள் அம்பாசடரின் முன்பக்கத்தில் ஒரு சத்தம். கொற்கையிலிருந்து ஏரல் போகும் வழியில் பள்ளம் வரும்போதெல்லாம் "கடக், கடக்". வீட்டம்மா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "பழைய வண்டி, பேசத்தான் செய்யும்" என்று நான் விட்டுவிட்டேன்.

வண்டி 1989 மாடல். ஓய்வு பெற்று, புதுச்சேரியை விட்டு வீட்டம்மாவின் சொந்த ஊரான இங்கே வந்தபோது கூடவே வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கத்து ஊர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் வண்டியும் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. பிறகு என்ஜின், பிரேக், சீட் எல்லாம் பார்த்தோம். அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏரலில் மெக்கானிக் தம்பி ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. "அண்ணாச்சி, பிரேக்கை மிதிங்க" என்றார். மிதித்தேன், அப்போதும் ஆடியது. பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் தேய்ந்தது பேரிங். நிற்காவிட்டால் கோளாறு உள்ளே, சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளில். உங்கள் வண்டியிலும் இப்படிப் பார்த்துக்கொள்ளலாம்.

அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளவாக்கில் கிடக்கும் ஓர் எஃகுக் கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. 1934-ல் வந்த பிரெஞ்சு சித்ரோயன் காரிலும் இதே ஏற்பாடுதான். அந்த முறுக்கைத் தளர்த்தாமல் போல்ட்டை உருவினால் கை போய்விடும். நாமே ஸ்பேனர் எடுத்துப் பார்க்கிற வேலை இல்லை இது.

ரப்பர் புஷ்கள் நைந்திருந்தன. புதிது வாங்கச் சம்மதித்தேன். போல்ட் விஷயத்தில்தான் என் குமாஸ்தா புத்தி தலைகாட்டியது. வந்த கவரைப் பிரித்து உள்பக்கம் வெளியே திருப்பி ஒட்டிப் பழகிய கை அல்லவா! "மரை நல்லாத்தானே இருக்கு, மண்ணெண்ணெயில் கழுவிப் போடுங்க" என்றேன்.

அவர் பதில் பேசாமல் போல்ட்டை என் கையில் வைத்தார். தலை சரி, மரையும் சரி. நடுவில், புஷ்ஷுக்குள் மறைந்திருந்த இடத்தில், துரு தின்று இடுப்பு சிறுத்துக் கிடந்தது. "இதைத் திரும்பப் போட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது, பாத்துக்கிடுங்க" என்றார்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். போல்ட்டை அங்கே 'புலோன்' என்போம். 'புலோன்களை இறுக்குவது' என்றால் செலவையும் ஒழுங்கையும் இறுக்கிப் பிடிப்பது என்று பொருள். நான் செலவை இறுக்கினேன். போல்ட் அறுந்துபோக இருந்தது. அது இடது பக்கத்து போல்ட். இடது சீட்டில் உட்காருகிறவள் வீட்டம்மா.

போல்ட் வாங்கும்போது தலையைப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இஞ்ச் மரை போல்ட்டில் மூன்று கோடு ஒரு தரம், ஆறு கோடு அதைவிட வலு. மில்லி போல்ட்டில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். குறியே இல்லாதது இந்த இடத்துக்கு ஆகாது. இஞ்ச் மரையில் மில்லி போல்ட்டைத் திணித்தால் இரண்டும் கெடும். கழற்றிய ஸ்பிளிட் பின்னையும் நைலாக் நட்டையும் மறுபடி போடக்கூடாது.

இன்னொன்று. புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அவர் முழுக்க இறுக்கவில்லை. கீழே இறக்கி, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகே கடைசி இறுக்கு இறுக்கினார். தொங்கும்போதே இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியுமாம். பிறகு தூத்துக்குடியில் வீல் அலைன்மென்ட் பார்த்தோம்.

புது போல்ட்டுகளுக்கு ஆன செலவு நூறு ரூபாய்க்கும் குறைவு. திரும்பி வரும்போது சத்தமே இல்லை. "இப்ப பேசலையே?" என்றாள் வீட்டம்மா. நானும்தான் பேசவில்லை.

அந்தப் பழைய போல்ட் என் மேஜைமேல் இருக்கிறது. எதையாவது "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று சொல்லத் தோன்றும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.