சிங்காராவின் நீரும் கோவையின் ஆலையும்

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மசினகுடிக்கு இறங்கும் மலைச்சாலை, தேயிலையும் சோலைக்காடும் நிறைந்த ஈர நிலத்தைச் சிறிது நேரத்திலேயே முட்புதர்க் காடாக மாற்றிக் காட்டுகிறது; நீலகிரியின் வடக்குச் சரிவு எவ்வளவு செங்குத்தானது என்பதைப் பயணி பிரேக் கருகும் வாடையிலிருந்தே தெரிந்துகொள்கிறார். அந்தச் செங்குத்துதான் கோயம்புத்தூரின் முதலீடு என்றால் மிகையாகாது.

பைக்காரா ஆற்று நீர் கிளென்மார்கனுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து அழுத்தக் குழாய்கள், அதாவது நீரின் எடையையே விசையாக்கும் தடித்த எஃகுக் குழாய்கள் வழியாக 900 மீட்டருக்கும் மேலாகக் கீழிறங்கி, மசினகுடியை அடுத்த சிங்காரா மின்நிலையத்தின் சுழலிகளை இயக்குகிறது. 1932-இல் தொடங்கிய அத்திட்டத்தின் மின்சாரம் விரைவிலேயே சமவெளியை எட்டியது.

மலை பருவக்காற்றைத் தடுத்துவிடுவதால் மழை குறைந்துபோன மழைமறைவுப் பகுதியான கோவை வட்டாரத்தில் வெள்ளாமை கிணற்றையே நம்பியிருந்தது. எருதுகள் சரிவான வாரியில் முன்னும் பின்னும் நடந்து தோல்சாலில் நீர் இறைத்த கவலை, கிணறு ஆழமாக ஆக ஈடுகொடுக்கவில்லை. மின்சாரத்தில் ஓடிய பம்புசெட் அந்த எல்லையை உடைத்ததும் இறவைப் பருத்தி பரவியது. எங்கிருந்தோ நிலக்கரி வரவழைக்கும் தேவை குறைந்ததால் நூற்பாலைகள் பெருகின. பம்பும் மோட்டாரும் பழுதுபார்த்த பட்டறைகள் பின்னர் அவற்றையே செய்து விற்றன. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை போத்தனூர் வழியாக 1862-இலேயே அமைந்துவிட்டது. முதல் நூற்பாலையும் 1888-இல் வந்துவிட்டது. ஆயினும் ஆலைகள் வரிசையாக எழுந்தது மின்சாரம் வந்த பிறகுதான் என்பதால், சரக்கை ஏற்றிச் செல்லும் வசதி மட்டும் தொழிலை உருவாக்கிவிடாது என்று கொள்ளலாம்.

கம்பி சென்ற திசையில் தொழில் வளர்ந்தது என்பதும் பாதி உண்மையே. பருத்தி விளையும் நிலமும், விளைச்சல் பணத்தை ஆலையில் போடத் துணிந்த விவசாயக் குடும்பங்களும் கோவையில் ஏற்கெனவே இருந்தன, மசினகுடியில் இல்லை. மின்திட்ட வேலைக்கு வந்தவர்கள் பலர் தங்கிவிட்ட அவ்வூரில் இன்று சுற்றுலா விடுதியும், ஜீப் சவாரியும், மாடு வளர்ப்புமே பிழைப்பு. யானைகள் நடமாடும் முதுமலைக் காட்டை ஒட்டியிருப்பதால் ஆலை வைக்க இடமுமில்லை, வைக்கவும் கூடாது.